மடை யார் கையில்?

"வாணிபம் வேறு, அரசியல் வேறு, பால் வெட்டுகிறவனுக்கு உலக விவகாரம் எதற்கு?" என்று நமக்குப் புத்தி சொல்லும் பெரிய மனிதர்கள் உண்டு. செக்ரோல் எழுதும் கையாலேயே அவர்களுக்குப் பதில் எழுதுகிறோம்.

உலக வாணிபம் ஊர்ப் பொது வாய்க்கால் என்கிறார்கள். வாய்க்கால் பொதுதான், மடை யார் கையில்?

1922-ல் பிரிட்டன் ஸ்டீவன்சன் திட்டம் கொண்டுவந்து, மலாயா, இலங்கை ரப்பர் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தி விலையை ஏற்றியது. அதிகம் வாங்கியது அமெரிக்கா. மடையை அடைத்தது லண்டன்! நடந்தது என்ன? திட்டத்தில் சேராத டச்சுக் கிழக்கிந்தியத் தீவுகளில் உற்பத்தி பெருகிற்று. அமெரிக்க ஃபயர்ஸ்டோன் கம்பெனி 1926-ல் லைபீரியாவில் 10 லட்சம் ஏக்கர் வரை குத்தகைக்கு உரிமை பெற்றது. 1928-ல் திட்டம் செத்தது.

1951-ல் கொரியப் போரின்போது, போருக்கு உதவும் பொருள்களைச் சீனாவுக்கு அனுப்ப ஐக்கிய நாடுகள் சபை தடை விதிக்கப் பரிந்துரைத்தது. மலாயா ரப்பருக்கும் சீனாவின் வழி அடைபட்டது. மரம் இங்கே, வெட்டிய கை நம்முடையது, யாருக்கு விற்கலாம் என்று சொன்ன வாய் வேறிடத்தில்! நம்மைக் கேட்டார்களா? அப்போது ஐ.நா.வில் உறுப்பினராக இல்லாத இலங்கையோ, 1952-ல் சீனாவுடன் ரப்பர்-அரிசி ஒப்பந்தம் செய்தது. அமெரிக்கா உதவியை நிறுத்தியது, இலங்கை பணியவில்லை.

இது பழங்கதையா? இல்லை. இன்று பணத்துக்கும் மடை உண்டு. பெல்ஜியத்திலிருந்து இயங்கும் ஸ்விஃப்ட் வலை வழியாகவே பெரும்பாலும் நாடுவிட்டு நாடு வங்கிகள் பணச் செய்தி அனுப்புகின்றன. 2012-ல் ஈரான் வங்கிகள் பல அதிலிருந்து துண்டிக்கப்பட்டன. 2022-ல் ரஷ்யா உக்ரேன்மீது படையெடுத்ததும், வெளிநாடுகளிலிருந்த அதன் மத்திய வங்கிப் பணம் ஏறத்தாழ 30,000 கோடி டாலர் முடக்கப்பட்டது. படையெடுப்பை நாம் ஆதரிக்கவில்லை. ஆனால் இன்று ஒருவனுக்கு அடைக்கும் மடையை நாளை யாருக்கும் அடைக்கலாம் என்பதை மறக்கவும் மாட்டோம்.

மடை அடைபட்டால் முதலில் காய்வது கடைமடை வயல். நாமே அந்தக் கடைமடை! ரப்பர் விலையோடு கூலியைக் கட்டி வைத்த காலத்தில், எங்கோ இட்ட கையெழுத்து நம் சம்பள நாளில் எதிரொலித்தது. ஆகவே கேட்கிறோம்: தடை போடும் அரசே, அதனால் வேலை இழப்பவனுக்கு என்ன ஏற்பாடு? முதலாளியே, விலை ஆடினாலும் ஆடாத சம்பளம் எங்கே?

தோழர்களே! உழைப்பு என்னும் மடை நம் கையில் இருக்கிறது. தனித்தனியாக நின்றால் அதை அசைக்கவும் முடியாது. சங்கமாய்ச் சேர்ந்தால் திறக்கவும் முடியும், அடைக்கவும் முடியும்!