ஸ்தபதி கூடினால் சதஸ், தொழிலாளி கூடினால் கூச்சலா?

“கதை எழுதுவது கூட்டம் போட்டுச் செய்கிற காரியமா? அது பிறவி வாசனை ஐயா! எழுத்தாளன் தனியே உட்கார வேண்டும்; கடாட்சம் தானாக இறங்கும். ஆலைத் தொழிலாளி நாலு பேர் கீற்றுக் கொட்டகையில் உட்கார்ந்து, ‘தோழர், உங்கள் கதை நடுவிலே தொய்கிறது’ என்று பேசிக்கொண்டால் இலக்கியம் பிறந்துவிடுமா?”

இப்படிக் கேட்கிற கனவான்கள் இன்றும் இருக்கிறார்கள். அவர்களை இளையாத்தங்குடிக்கு ஒரு நடை அழைத்துப் போகவேண்டும்.

இளையாத்தங்குடி, செட்டிநாட்டுச் சீமையிலே ஒரு சிற்றூர். நகரத்தாரின் ஒன்பது கோயில்களில் ஒன்று அங்கே இருக்கிறது. 1962-இல் காஞ்சி சங்கராச்சாரியார் சந்திரசேகரேந்திர சரஸ்வதி முன்னின்று அவ்வூரில் ஆகம சில்ப சதஸ் கூட்டினார். ஏடு படித்த பண்டிதரும் உளி பிடித்த ஸ்தபதியும் ஒரே பந்தலில் உட்கார்ந்து தொழில் பேசுவதற்கென்றே கூடிய சபை அது. அதன் சமய நோக்கம் அவர்களுக்குரியது; அதை விவாதிக்க நாம் வரவில்லை. நாம் கேட்பது ஒன்றே ஒன்று. கல்லில் வேலை செய்கிறவன், “இந்த இடத்தில் எனக்குக் கை ஓடவில்லை, என்ன செய்ய?” என்று இன்னொரு கல்தச்சனைக் கேட்டால் அது சாஸ்திர விசாரம். சொல்லில் வேலை செய்கிற தொழிலாளி அதையே கேட்டால் மட்டும் சரக்கில்லாதவன் புலம்பலா?

சரி, கனவான்கள் தலையில் வைத்துக் கொண்டாடுகிற எழுத்தாளர்களாவது தனியே உட்கார்ந்து வரம் பெற்றார்களா? 1930-களின் ‘மணிக்கொடி’ என்ன, ஒற்றை ஆளா? புதுமைப்பித்தன், கு.ப.ரா., பிச்சமூர்த்தி, பி.எஸ்.ராமையா என்று ஒரு கூட்டம் அல்லவா! இடைசெவல் என்ற ஒரே கரிசல் கிராமத்தில் கு.அழகிரிசாமியும் கி.ராஜநாராயணனும் பிறந்தார்கள். இளமையிலிருந்தே தோழர்கள். ஒருவர் ஊரைவிட்டுப் போனபிறகும் கடிதத்திலே பேச்சு தொடர்ந்தது. அழகிரிசாமி எழுதியவை பிற்பாடு புத்தகமாகவே வந்தன. 1970-இல் அழகிரிசாமிக்கும் 1991-இல் கி.ரா.வுக்கும் சாகித்திய அகாதமி பரிசு கிடைத்தது. பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்ட ஜெயகாந்தன் எங்கே படித்தார்? கம்யூனிஸ்ட் கட்சி அலுவலகத்தில், தோழர்கள் மத்தியில் வளர்ந்து படித்தார். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றுபோன மேலாண்மை பொன்னுச்சாமி, கிராமத்தில் பெட்டிக்கடை நடத்திக்கொண்டே ‘செம்மலர்’ பக்கங்களில் எழுதி வளர்ந்தவர். 1975-இல் மதுரையில் பிறந்த முற்போக்கு எழுத்தாளர் சங்கம் அவருக்குத் துணை நின்றது. 2007-இல் அகாதமி பரிசு அவர் கடை வாசலைத் தேடி வந்தது. எந்தக் கடாட்சம் இது?

உதவி என்றால் என்ன உதவி? அதைச் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் முதுகு தட்டுவதையே உதவி என்று நினைத்துக்கொள்வார்கள்.

ஸ்பின்னிங் ஆலைத் தோழர் ஒருவர் கதை கொண்டுவருகிறார் என்று வைத்துக்கொள்வோம். இரவு ஷிப்டில் ரிங் பிரேம் பார்க்கும் பெண் மயங்கி விழுகிறாள். மேஸ்திரி அரக்கனாக வருகிறான். கதாநாயகன் அங்கேயே ஒன்றரைப் பக்கம் பிரசங்கம் செய்கிறான். வாசித்து முடித்ததும் ஒருவர் கேட்கிறார்: “ஏன் தோழர், அத்தனை பிரேமும் ஓடுகிற சத்தத்தில் அவர் பிரசங்கம் யார் காதில் விழும்?” கொட்டகை சிரிக்கிறது. எழுதியவருக்கு முகம் சுருங்குகிறது. சுருங்கட்டும்! அடுத்தவர் கேட்கிறார்: “மேஸ்திரி ஏன் விரட்டுகிறான்? அவனை மேலே இருந்து விரட்டுகிறவன் கதையில் எங்கே?” பின்னால் உட்கார்ந்திருக்கும் பெண் தொழிலாளி மெதுவாகச் சொல்கிறார்: “விழுந்தவள் கண் திறந்ததும் ஆகாசத்தைப் பார்த்தாள் என்று எழுதியிருக்கிறீர்கள். அவள் முதலில் பிரேமைத்தான் பார்ப்பாள், எத்தனை இழை அறுந்து கிடக்கிறதென்று.”

கதை அந்த ஒரு வரியில் எழுந்து நின்றுவிட்டது! எந்த இலக்கணப் புத்தகம் இதைச் சொல்லும்?

விவசாயத் தொழிலாளியின் காதும் அப்படித்தான். கண்மாய் வற்றிக் கிடக்கிற சித்திரையிலே, மானாவாரிச் சீமையிலே, கதாநாயகியை நடவுக்கு இறக்கினால் அவர் அங்கேயே பிடித்துக்கொள்வார்.

இது சில்லறைச் சமாசாரம் என்று யாரும் நினைக்கவேண்டாம். 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேரை ஒரே குடிசைக்குள் வைத்து எரித்தார்கள். கூலி உயர்வு கேட்டதும், செங்கொடியை இறக்க மறுத்ததும் அந்த ஏழை ஜனங்கள் செய்த குற்றம். இந்திரா பார்த்தசாரதி ‘குருதிப்புனல்’ எழுதினார். 1977-இல் அகாதமி பரிசும் பெற்றது. தேர்ந்த கை, மறுக்கவில்லை. ஆனால் மிராசுதாரின் ஆண்மைக் குறையும் மனக்கோளாறும் அதில் முன்னே வந்து நிற்கின்றன. நெல்லும் கூலியும் பின்னே போய்விடுகின்றன. அந்தக் கையெழுத்துப் பிரதியை வெண்மணித் தெருவில் ஒரு ராத்திரி வாசித்துக் காட்டியிருந்தால்? “அவர் மனக்கோளாறு எங்களுக்குத் தெரியாது ஐயா, அவர் மரக்கால் எங்களுக்குத் தெரியும்” என்று ஒரு கிழவியாவது சொல்லியிருக்கமாட்டாளா? அதே கீழத்தஞ்சை மண்ணின் பேச்சிலே சோலை சுந்தரபெருமாள் ‘செந்நெல்’ எழுத 1999 வரை ஆயிற்று. நம் பிணத்தின் கதையைக்கூட நாம் கேட்டுத் திருத்த வழியில்லாமல் போனதன் விலை இது.

நம்மவர்களையும் விடுவதற்கில்லை. சில இடங்களில் கதை வாசித்தால் சபாஷ், கைதட்டல், டீ, அவ்வளவுதான் கூட்டம். வேறு சில இடங்களில் கதைக்கே தீர்மானம் போடுகிறார்கள்: “கடைசியில் வேலைநிறுத்தம் வெற்றி பெறவேண்டும்.” வாழ்க்கையில் தோற்ற போராட்டம் கதையில் மட்டும் ஏன் ஜெயிக்கவேண்டும்? தோற்ற அன்றிரவு அந்த வீட்டில் அடுப்பு எரிந்ததா என்று கேளுங்கள், அது உதவி. முடிவை நீங்களே எழுதிக் கையில் கொடுப்பது உதவியல்ல, மேஸ்திரித்தனம். மாக்ஸிம் கார்க்கி உலகப் புகழ் பெற்ற பின்னும் புது எழுத்தாளர்களின் கையெழுத்துப் பிரதிகளை வாசித்துப் பதில் எழுதினார். எழுதப் பழகுகிறவர்களுக்கென்றே 1930-இல் ஒரு பத்திரிகையும் தொடங்கினார். அவருக்கு இருந்த பொறுமை நமக்கு இல்லையா?

யாழ்ப்பாணத்தில் டொமினிக் ஜீவா சவரத் தொழிலாளி. சாதியின் பெயரால் இழிவுபட்டவர். ப.ஜீவானந்தத்தின் மேல் கொண்ட பற்றினால் ‘ஜீவா’ என்ற பெயரைச் சூடிக்கொண்டார். அந்த ஜீவானந்தம்தான் 1920-களில் நம் காரைக்குடிப் பக்கத்துச் சிராவயலில் ஆசிரமம் நடத்தியவர். ‘தண்ணீரும் கண்ணீரும்’ கதைத் தொகுதிக்காக டொமினிக் ஜீவா இலங்கை சாகித்திய பரிசு பெற்றார். 1966 ஆகஸ்டில், தாம் கத்தரி பிடித்த அதே சலூனிலிருந்து ‘மல்லிகை’ பத்திரிகையைத் தொடங்கினார். பல ஆண்டுகள் அது ஈழத்து எழுத்தாளர்களை வளர்த்தது.

அந்தச் சலூனில் கடாட்சம் எந்த வாசல் வழியாக இறங்கிற்று என்று கனவான்கள் விசாரித்துக்கொள்ளட்டும். நம் தோழர்கள் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கொட்டகைக்குக் கதையோடு வரட்டும். நடவுக்குப் போகிற பெண்கள் இரண்டு பேரையாவது கூட அழைத்து வரட்டும். முன்வரிசையில் அவர்களுக்கு இடம் விடுங்கள்.