இமைக்க முடியாதவரின் வழக்கும் நம் இளைஞர்களின் வேலையும்

2023-ல் வங்கிக் கணக்கு தொடங்கச் சென்ற பிரக்யா பிரசூனிடம், நேரடிப் படத்துக்காகக் கண்ணைச் சிமிட்டச் சொன்னார்கள். அமில வீச்சில் முகமும் கண்களும் சிதைந்த அவரால் அது இயலாது. அவர் உச்ச நீதிமன்றம் சென்றார். பார்வையற்ற வழக்கறிஞர் அமர் ஜெயினின் மனுவும் அதோடு சேர்த்து விசாரிக்கப்பட்டது. 2025 ஏப்ரல் 30 அன்று நீதிபதிகள் பர்திவாலா, மகாதேவன் அமர்வு, இணைய வழிச் சேவைகளை அணுகுவது அரசியல் சட்டத்தின் 21-ஆவது பிரிவு தரும் உயிர்வாழும் உரிமையின் பகுதி என்று தீர்ப்பளித்து, 20 உத்தரவுகளைப் பிறப்பித்தது.

உரிமைச் செய்தியாக இதைப் படித்துவிட்டு நாம் கடந்துவிடுகிறோம். ஆனால் அந்த உத்தரவுகளுக்குள் ஒரு தொழிலே இருக்கிறது. வங்கிகளும் நிதி நிறுவனங்களும் தம் செயலிகளைச் சான்று பெற்ற அணுகல்தன்மை வல்லுநர்களிடம் அவ்வப்போது தணிக்கை செய்ய வேண்டும். புதிய செயலியை வடிவமைக்கும்போதே பார்வையற்றவர்களை வைத்துச் சோதிக்க வேண்டும். அதே ஆண்டு ஜூலை 31-ல் செபியும் பங்குச் சந்தை நிறுவனங்களுக்கு இதுபோன்ற சுற்றறிக்கையை அனுப்பியது. இதற்கெல்லாம் ஆள் வேண்டுமே!

வேறு தொழிலில் இருந்துகொண்டு, "இனி நான் இதற்கு வர முடியுமா?" என்று கேட்கும் இளைஞர்களுக்கு நாம் சொல்வது: உங்கள் பழைய தொழில்தான் உங்கள் முதல். மாணவன் எந்த இடத்தில் விழிக்கிறான் என்பது ஆசிரியருக்குத் தெரியும். குழித்தறியில் நாள் முழுக்க உட்கார்ந்தால் இடுப்பு என்ன ஆகும் என்பதும், கோர்வைச் சேலைக்குப் பக்கத்தில் இன்னொரு கை ஏன் வேண்டும் என்பதும் காஞ்சிபுரத்து நெசவாளிக்குத் தெரியும். தெலங்கானாவின் சிந்தகிந்தி மல்லேசம் பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவர். நூல் சுற்றிச் சுற்றித் தாயாரின் தோள் நோவதைப் பார்த்து ஆசு இயந்திரத்தைச் செய்தார். 2017-ல் பத்மஸ்ரீ பெற்றார்.

பயனரிடமிருந்து தொடங்கும் இந்த முறை நமக்கு அந்நியமானதல்ல. பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுகிற திருமுக்கூடலில், பெருமாள் கோயில் சுவரில் 11-ஆம் நூற்றாண்டின் வீரராஜேந்திர சோழன் காலக் கல்வெட்டு இருக்கிறது. 15 படுக்கை கொண்ட ஆதுலர் சாலைக்கு மருத்துவர், அறுவை செய்பவர், மூலிகை கொண்டுவர இருவர், நோயாளிகளைக் கவனிக்கப் பெண்கள் இருவர் என்று அது கணக்கிட்டு வைத்திருக்கிறது. படுத்திருப்பவருக்கு என்ன வேண்டும் என்பதிலிருந்து போட்ட கணக்கு அது. நம் பள்ளிவாசல்களில் ஒளூ செய்யும் இடத்துப் படியில் முதியவர்கள் தடுமாறும்போது, அப்படி ஒரு கணக்கை யாரும் போடவில்லை என்பதுதான் தெரிகிறது.

மூன்றே மாதத்தில் யுஎக்ஸ் டிசைனர், கைநிறையச் சம்பளம் என்ற விளம்பரங்களை நம்பிக் கடன் வாங்க வேண்டாம். அழகான திரைகளை வரையச் செயற்கை நுண்ணறிவே வந்துவிட்டது. பார்வையற்றவரின் அருகில் அமர்ந்து, அவர் விரல் எந்தப் பொத்தானில் குழம்புகிறது என்று பார்க்க மனிதர்தான் வேண்டும். அதே சமயம், தீர்ப்பு வந்த வேகத்தில் வேலை வந்துவிடாது. 2016-லேயே மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் வந்தும் நிறுவனங்கள் அசையாமல்தானே இருந்தன? குடும்பம் நடத்துகிறவர்கள் இருக்கிற வேலையை விடாமல் படிப்பதே நல்லது.

தொடக்கத்துக்குச் செலவில்லை. ஆண்ட்ராய்டு கைப்பேசியில் டாக்பேக் வசதியை இயக்கி, கண்ணை மூடிக்கொண்டு ஒரு ரயில் டிக்கெட் எடுத்துப் பாருங்கள். உலகம் முழுதும் பின்பற்றப்படும் அணுகல்தன்மை வழிகாட்டு நெறிகள் இணையத்தில் இலவசம். கணினிக்கான என்விடிஏ திரை வாசிப்பானும் அப்படியே. முறையாகப் படிக்க விரும்புவோருக்கு, வண்டலூர் - கேளம்பாக்கம் சாலையில் மேலக்கோட்டையூரில் உள்ள ஐஐஐடிடிஎம் காஞ்சிபுரத்தில் எம்.டெஸ். பட்டம் இருக்கிறது. அதற்கான சீட் தேர்வை மும்பை ஐஐடி ஆண்டுதோறும் ஜனவரியில் நடத்துகிறது. மூன்றாண்டுப் பட்டம் எதுவானாலும் போதும், பி.ஏ. படித்தவரும் எழுதலாம். வயது வரம்பு கிடையாது.