தடய அறிவியல் படிப்பு பெருகுகிறது. ஆய்வுக்கூடத்தில் ஆள் இல்லை

பி.யு.சி. தேர்வு முடிவு வெளிவந்துவிட்டால் பெங்களூர் அல்சூரிலும், ஸ்ரீராமபுரத்திலும், ஹூப்ளி ரயில்வே குடியிருப்புகளிலும் உள்ள தமிழ்க் குடும்பங்களில் அடுத்து என்ன படிப்பு என்ற பேச்சு தொடங்கிவிடும். டாக்டர், எஞ்சினீயர் என்ற இரண்டே விடைகள் இருந்த காலம் போய், இப்போது ‘பாரன்சிக்’ என்ற மூன்றாவது விடையும் அடிபடுகிறது. குற்றம் நடந்த இடத்தில் கிடைக்கும் ரத்தக் கறை, விரல் ரேகை, தோட்டா, கைபேசி முதலியவற்றை ஆராய்ந்து கோர்ட்டுக்கு அறிக்கை தரும் தடய அறிவியல்தான் அது. படிப்பு பெருகியிருப்பதில் ஐயமில்லை. படித்து வருபவர்களுக்கு இடம் இருக்கிறதா என்பதைத்தான் பெற்றோர்கள் பணம் கட்டுவதற்கு முன் விசாரிக்க வேண்டியிருக்கிறது.

இத்துறையில் நாட்டின் பெரிய கல்வி நிலையம் குஜராத் மாநிலம் காந்திநகரில் உள்ள தேசிய தடய அறிவியல் பல்கலைக்கழகம் ஆகும். 2009-ல் குஜராத் அரசு அதைத் தொடங்கியபோது அது ஒரு மாநிலப் பல்கலைக்கழகமாகத்தான் இருந்தது. 2020 செப்டம்பரில் நாடாளுமன்றம் தனிச் சட்டம் நிறைவேற்றி, அதை தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமாக்கி, மத்திய உள்துறை அமைச்சகத்தின் கீழ் கொண்டுவந்தது. டில்லியில் 1972-ல் தொடங்கப்பட்டு போலீஸ் அதிகாரிகளுக்கும் நீதித்துறையினருக்கும் பயிற்சி அளித்து வந்த, பிற்காலத்தில் லோக்நாயக் ஜெயப்பிரகாஷ் நாராயண் பெயர் சூட்டப்பட்ட நிலையமும் அதனுடன் இணைக்கப்பட்டது.

அதன் பிறகு வளர்ச்சி ரயில் வேகத்தில் போயிற்று. கோவா, திரிபுரா, மணிப்பூர், குவாஹாத்தி, போபால், புனே என்று கிளைகள் விரிந்தன. 2023-ல் ஆப்பிரிக்காவில் உகாண்டா நாட்டின் ஜிஞ்ஜா நகரிலும் ஒரு கிளை திறக்கப்பட்டது. கர்நாடகத்துக்குக் கிடைத்தது தார்வார் கிளை. 2023 ஜனவரி 28-ந் தேதி உள்துறை அமைச்சர் அமித்ஷா அதற்கு அடிக்கல் நாட்டினார். 2024 ஜூன் 19-ந் தேதி மத்திய மந்திரிசபை 2,254 கோடி ரூபாய் திட்டம் ஒன்றுக்கு ஒப்புதல் அளித்தது. ஐந்து ஆண்டுகளில் மேலும் பல கிளைகளையும் மத்திய ஆய்வுக்கூடங்களையும் அமைப்பதே அதன் நோக்கம்.

பாடங்களும் அதே அளவில் பெருகின. தடய அறிவியல் எம்.எஸ்ஸி.யோடு நிற்காமல் சைபர் பாதுகாப்பு, டிஜிட்டல் தடயம், குற்ற உளவியல், மருந்தியல், சட்டம், நிர்வாகம் என்று பட்டப் படிப்புகள் நீளுகின்றன. பி.யு.சி. முடித்தவர் நேரே சேரக்கூடிய ஐந்தாண்டுப் படிப்பும் உண்டு. காந்திநகரிலேயே இருக்கும் ராஷ்ட்ரீய ரக்ஷா பல்கலைக்கழகம் போலீஸ், பாதுகாப்புப் படிப்புகளுக்காக சிவமொக்காவில் கிளை வைத்திருக்கிறது. இவை போதாதென்று பெங்களூரின் தனியார் கல்லூரிகளும் பி.எஸ்ஸி. தடய அறிவியல் என்று பலகை மாட்டிவிட்டன. சென்னைப் பல்கலைக்கழகத்திலும், நெல்லை மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்திலும், தார்வார் கர்நாடகப் பல்கலைக்கழகத்திலும் அடக்கமாக நடந்து வந்த குற்றவியல் துறைகளை நினைத்துப் பார்த்தால் இது வேறு உலகம்தான்.

கிராக்கி வந்தது எப்படி?

இந்தக் கிராக்கிக்கு டெலிவிஷன் தொடர்கள் ஒரு காரணம் என்பார்கள். அதைவிடப் பெரிய காரணம் சட்டப் புத்தகத்தில் இருக்கிறது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 176-வது பிரிவு, மூன்றாவது உட்பிரிவைப் படிக்க வேண்டும். ஏழு ஆண்டோ அதற்கு மேலோ தண்டனை விதிக்கக்கூடிய ஒவ்வொரு குற்றத்திலும் தடய நிபுணர் நேரில் சென்று தடயம் சேகரிக்க வேண்டும், அதை வீடியோ எடுக்கவும் வேண்டும் என்று அது கட்டாயப்படுத்துகிறது. எந்தத் தேதியிலிருந்து என்பதை மாநில அரசுகள் ஐந்து ஆண்டுகளுக்குள் அறிவிக்க வேண்டும்.

கொலை, கொள்ளை, பாலியல் பலாத்காரம், வரதட்சிணைச் சாவு ஆகியவை எல்லாமே இதற்குள் அடங்கும். ஒரு மாவட்டத்தில் ஒரே இரவில் இரண்டு மூன்று இடங்களுக்குக்கூட நிபுணர் போக வேண்டியிருக்கும். இதுவரை பெரும்பாலான இடங்களில் தடயத்தை எடுத்து பொட்டலம் கட்டி ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பியவர் அந்தப் போலீஸ் நிலையத்தின் ஏட்டோ சப்-இன்ஸ்பெக்டரோதான்.

2024-ல் ஐந்தாண்டுப் படிப்பில் சேர்ந்த மாணவர் 2029-ல் பட்டத்தோடு வெளியே வருவார். சட்டம் தந்திருக்கும் ஐந்து ஆண்டுக் கெடுவும் அப்போதுதான் முடிகிறது. கணக்கு சரியாகப் பொருந்துவதாகத் தோன்றும். ஆனால் பட்டம் தருவது பல்கலைக்கழகம், வேலை தருவது மாநில அரசின் நிதி இலாகா. முதலாவது டில்லியின் பணத்தில் வளருகிறது. இரண்டாவதன் கஜானா நிலைமை ஊரறிந்தது.

காலி நாற்காலிகள்

டில்லி தேசிய சட்டப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வுக் குழு ஒன்று சில ஆண்டுகளுக்கு முன் நாட்டின் தடய ஆய்வுக்கூடங்களைப் பற்றித் தகவல் திரட்டியபோது, அனுமதிக்கப்பட்ட பணியிடங்களில் சுமார் 40 சதவீதம் காலியாகக் கிடந்தது தெரிய வந்தது. ஆள் கிடைக்காததால் காலி என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. பணியிடத்தை நிரப்புவதற்கான கோப்பு நகரவில்லை என்பதே பெரும்பாலும் பொருள். நிரந்தர வேலைக்குப் பதிலாக ஒப்பந்த அடிப்படையில் ஆள் எடுப்பதும் பழக்கமாகிவிட்டது.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. பல மாநில ஆய்வுக்கூடங்களின் பணி விதிகள் ரசாயனம், பௌதிகம், உயிரியல் என்று பிரிவுவாரியாக எம்.எஸ்ஸி. கேட்கும் பழைய காலத்து விதிகள். விஷப் பரிசோதனைப் பிரிவுக்கு ரசாயனப் பட்டதாரி வேண்டும் என்பது நியாயமானதே. ஆனால் தடய அறிவியல் என்றே பட்டம் வாங்கியவர், எல்லாப் பாடத்திலும் கொஞ்சம் கொஞ்சம் படித்தவர், எந்தப் பிரிவுக்குப் பொருத்தம் என்ற கேள்விக்கு எல்லா மாநிலங்களும் ஒரே விடை சொல்வதில்லை. கல்லூரியின் விளம்பரத் தாளில் இது இருக்காது. எந்த மாநிலத்தில் வேலை தேட உத்தேசமோ அந்த மாநிலத்தின் தேர்வாணைய அறிவிப்பை எடுத்து, கல்வித் தகுதி என்ற பத்தியை ஒரு முறை படித்துவிட்டுப் பணம் கட்டுவது நல்லது.

தனியாகக் கடை விரிக்கலாமா என்றால் அதற்கும் எல்லை இருக்கிறது. அரசு ஆய்வுக்கூட டைரக்டர், ரசாயனப் பரிசோதகர், ரேகைப் பிரிவுத் தலைவர் போன்றோரின் அறிக்கையை நேரடிச் சாட்சியம் இல்லாமலே கோர்ட் ஏற்கலாம் என்று புதிய சட்டத்தின் 329-வது பிரிவு சொல்கிறது. தனியார் நிபுணருக்கு அந்தச் சலுகை இல்லை. விதிவிலக்காகச் சொல்லக்கூடியது மின்னணுச் சாட்சியம். புதிய சாட்சியச் சட்டத்தின் 63-வது பிரிவின்படி, கைபேசிப் பதிவோ கேமரா பதிவோ கோர்ட்டில் தாக்கலாகும்போது அதனுடன் வரும் சான்றிதழின் ஒரு பகுதியில் நிபுணர் ஒருவர் கையெழுத்திட வேண்டும். அந்த நிபுணருக்கு என்ன தகுதி என்பதைச் சட்டம் விரித்துச் சொல்லவில்லை. இன்று கைபேசி இல்லாத வழக்கு ஏது? டிஜிட்டல் தடயம் படித்தவர்களுக்கு மற்றவர்களைவிட வாய்ப்பு கூடுதலாக இருக்கும் என்று சொல்வதற்கு இதுவே ஆதாரம்.

சுருளி அருவி வழக்கு

ஆள் பற்றாக்குறையை வேலை கிடைக்காத பட்டதாரியின் பிரச்சினை என்று மட்டும் பார்ப்பது தவறு. தேனி மாவட்டம் சுருளி அருவி அருகே 2011-ல் ஓர் இளைஞரும் இளம் பெண்ணும் கொல்லப்பட்டனர். அந்த வழக்கில் ஒருவருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டு, ஐகோர்ட்டும் அதை உறுதி செய்தது. 2025 ஜூலை 15-ந் தேதி சுப்ரீம் கோர்ட் அவரை விடுதலை செய்தது. மரபணுச் சோதனைக்கான மாதிரிகளைக் கையாண்டதில் இருந்த குறைகளும் அந்தத் தீர்ப்புக்குக் காரணங்களாயின.

அத்தோடு விடாமல் நாடு முழுவதற்கும் கோர்ட் உத்தரவு பிறப்பித்தது. மாதிரி எடுத்தவுடன் வழக்கு எண், பிரிவு, அதிகாரி விவரம் எல்லாம் எழுதி, டாக்டரும் புலன் விசாரணை அதிகாரியும் சாட்சிகளும் கையெழுத்திட வேண்டும். 48 மணி நேரத்துக்குள் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்ப வேண்டும். கோர்ட் அனுமதியின்றி முத்திரையை மீண்டும் திறக்கக் கூடாது. யார் கையிலிருந்து யார் கைக்குப் போயிற்று என்பதற்குத் தனிப் பதிவேடு வேண்டும். ரயில்வே பார்சல் ஆபீசில் ஒரு கூடை மாம்பழத்துக்குக் கூட இருக்கிற வழக்கம்தான் இது. உயிர் ஊசலாடும் வழக்கில் இதைச் சொல்லிக் கொடுக்க சுப்ரீம் கோர்ட் வர வேண்டியிருந்தது. ஒரு புறம் பதினான்கு ஆண்டு வழக்கில் சிக்கியிருந்த மனிதர். மறு புறம் இரண்டு பிள்ளைகளைப் பறிகொடுத்து, செய்தவர் யார் என்று இன்றும் விடை கிடைக்காத குடும்பங்கள்.

ஆய்வுக்கூடத்தில் தாமதமானாலும் பாதிப்பு இதே போலத்தான். குற்றத்தைப் பொறுத்து 60 அல்லது 90 நாட்களில் குற்றப் பத்திரிகை தாக்கலாக வேண்டும். அறிக்கை அதற்குள் வராவிட்டால் அது இல்லாமலே தாக்கல் செய்கிறார்கள். பிறகு அறிக்கைக்காக வழக்கு காத்திருக்கிறது. ஜாமீன் கட்ட வசதியில்லாதவர் ஜெயிலில் காத்திருக்கிறார்.

கர்நாடகம் இதில் ஒரு நல்ல காரியம் செய்திருக்கிறது. குற்றம் நடந்த இடத்துக்குச் செல்வதற்கென்றே ‘சோகோ’ என்ற தனிப் பதவியை ஏற்படுத்தி, 200-க்கு மேற்பட்டோரை நியமித்தது. மாநிலத்திலுள்ள போலீஸ் நிலையங்களின் எண்ணிக்கையைப் பார்க்கும்போது இது போதாது. என்றாலும் பதவியை முதலில் உண்டாக்கி, பிறகு ஆள் தேடியது சரியான வரிசை.

கற்பிப்பது யார்?

மாணவர் சேர்க்கையையும் பாடங்களையும் உத்தரவு போட்டுக் கூட்டலாம், ஆசிரியரை அப்படிக் கூட்ட முடியாது. தடய அறிவியலில் நெட் தேர்வு நடைபெறுகிறது. அதில் தேறியவர் வகுப்பு எடுக்கலாம். ஆனால் ஆயிரம் குடல் மாதிரிகளைப் பரிசோதித்தவரும், சாட்சிக் கூண்டில் நின்று எதிர்த்தரப்பு வக்கீலின் குறுக்கு விசாரணையைச் சந்தித்தவரும் ஆய்வுக்கூடங்களில்தான் இருக்கிறார்கள். ஏற்கெனவே ஆள் இல்லாத ஆய்வுக்கூடத்திலிருந்து அவரைக் கல்லூரிக்கு இழுத்தால், தேங்கிய வழக்குகள் மேலும் தேங்கும். இழுக்காவிட்டால் மாணவர் புத்தகத்தை மட்டும் படித்து வெளியே வருவார். ஓய்வு பெற்ற விஞ்ஞானிகளை அழைத்துக்கொள்வது ஓரளவு பயன் தரலாம். பத்துப் பதினைந்து கிளைகளுக்கு அவர்களும் போதமாட்டார்கள். தனியார் கல்லூரிகளின் பாடு இதைவிடத் திண்டாட்டம். ஒப்பீட்டு மைக்ராஸ்கோப் ஒன்று இல்லாமலே தோட்டாப் பரிசோதனையைக் கரும்பலகையில் நடத்திவிட முடியாது.

கற்பிக்க வேண்டியது கருவி மட்டுமல்ல. ஒரு காலத்தில் பெங்களூர் ஆய்வுக்கூடம் உண்மை அறியும் ஊசிக்குப் பேர்போனது. 2010 மே 5-ந் தேதி செல்வி என்பவர் கர்நாடக அரசுக்கு எதிராகத் தொடுத்த வழக்கில், சம்மதமின்றி அந்தச் சோதனை நடத்துவது அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. விஞ்ஞானம் எங்கே நிற்க வேண்டும் என்பதும் பாடத் திட்டத்தில் சேர வேண்டிய விஷயம்.

தமிழர்களுக்கு இந்தத் தொழில் புதிதல்ல. நாட்டின் முதல் ரசாயனப் பரிசோதனைக் கூடம் 1849-ல் சென்னையில்தான் அமைந்தது. 1952 ஆகஸ்டில் போட் மெயில் வண்டியில் மானாமதுரையில் இறக்கப்பட்ட டிரங்குப் பெட்டிக்குள் தலையில்லா உடல் கிடந்தது. ராயபுரம் கடற்கரை மணலில் தலை அகப்பட்டது. இரண்டும் ஆளவந்தார் என்ற ஒரே மனிதருடையவை என்பதைச் சென்னை மருத்துவக் கல்லூரி நிபுணரும் ரேகைப் பிரிவினரும் நிலைநாட்டினர். 1991-ல் ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தியைக் கொன்ற வெடிகுண்டு ஒரு பெண் இடுப்பில் கட்டியிருந்த பெல்ட்டில் இருந்தது என்பதைக் கண்டறிந்தவர் தமிழ்நாடு தடய அறிவியல் துறையின் அப்போதைய டைரக்டர் சந்திரசேகரன். அவர்கள் காலத்தில் பல்கலைக்கழகம் இல்லை. ஆனால் உட்கார்ந்து வேலை செய்ய நிரந்தரப் பதவி இருந்தது.

புதிய சட்டத்தில் ஒரு விதிவிலக்கும் இருக்கிறது. குறிப்பிட்ட வசதி ஒரு மாநிலத்தில் இல்லையென்றால், அது உருவாகும் வரை வேறு மாநிலத்தின் வசதியைப் பயன்படுத்திக்கொள்வதாக அறிவிக்கலாம். பணியிடம் உண்டாக்க மனமில்லாத அரசுகளுக்கு இது வசதியான கதவு. 2029 வரை இருக்கும் மாநில பட்ஜெட்டுகளில் தடய ஆய்வுக்கூடங்களுக்கு எத்தனை நிரந்தரப் பணியிடங்கள் அனுமதிக்கப்படுகின்றன, பணி விதிகள் எப்போது திருத்தப்படுகின்றன என்ற இரண்டையும் கவனித்து வந்தால், தார்வாரில் படிப்பவர்களில் எத்தனை பேர் வெள்ளைக் கோட்டு அணிவார்கள் என்று சொல்லிவிடலாம்.