வானம் சரி, வாசற்படி?

உடற்குறைபாடு உள்ள ஒருவரைப் பற்றி யார் படம் எடுத்தாலும் கடைசியில் எங்கள் கையில் கிடைப்பது ஒரே வசனம்தான்: மனமிருந்தால் மார்க்கமுண்டு. டக்ளஸ் பேடர் என்ற போர் விமானியைப் பற்றி 1956இல் வந்த 'ரீச் ஃபோர் த ஸ்கை' என்ற பிரித்தானியப் படத்தையும் அந்த வரிசையில்தான் வைக்கிறார்கள். எங்களுக்கு அதில் உடன்பாடு இல்லை. படம் பெரிதாகச் சொல்ல வந்ததை விட, போகிற போக்கில் காட்டிவிட்டுப் போகிற ஒரு விசயம்தான் எங்களைப் பிடித்துக்கொண்டது.

கதை இதுதான். 1931 டிசம்பரில், 21 வயதில், தாழப் பறந்து வித்தை காட்டப்போன பேடரின் விமானம் தரையில் விழுகிறது. இரண்டு கால்களும் போய்விடுகின்றன; ஒன்று முழங்காலுக்கு மேலே, மற்றது கீழே. லூயிஸ் கில்பர்ட் இயக்கத்தில் கென்னத் மோர் பேடராக நடிக்கிறார். உலோகக் கால்களை மாட்டிக்கொண்டு விழுந்து எழும்பி நடக்கப் பழகும் காட்சிகள் உண்மையிலேயே நல்லா இருக்கின்றன. பரிதாபத்தை அள்ளிக் கொட்டாமல், கொஞ்சம் திமிரோடும் கொஞ்சம் சிரிப்போடும் எடுத்திருக்கிறார்கள்.

அந்த விசயம் இதற்குப் பிறகுதான் வருகிறது. பேடர் நடக்கிறார், கார் ஓட்டுகிறார், விமானத்தையும் ஓட்டிக் காட்டுகிறார். அப்படியிருந்தும் 1933இல் விமானப்படை அவரை வீட்டுக்கு அனுப்பிவிடுகிறது. அவரால் ஏலாது என்று யாரும் நிரூபிக்கவில்லை. கால் இல்லாத விமானியைப் பற்றி விதிப்புத்தகத்தில் ஒன்றும் எழுதப்படவில்லை, அவ்வளவுதான். எரிபொருள் கம்பனி ஒன்றில் மேசை வேலை பார்க்கிறார். 1939இல் யுத்தம் தொடங்குகிறது. விமானிகள் தேவைப்படுகிறார்கள். கதவு திறக்கிறது.

இங்கே கொஞ்சம் நிப்பாட்டி யோசிப்போம். ஆள் அதே ஆள். கால்கள் அதே பொய்க்கால்கள். மனவுறுதியும் 1933இல் இருந்த அதே மனவுறுதிதான். அப்படியென்றால் மாறியது எது? அரசின் தேவை. ஆறு வருசம் அவரை நிலத்தில் கட்டிப்போட்டது கால் இல்லாமை அல்ல, விதிப்புத்தகம்.

இன்னொரு சம்பவமும் உண்டு. 1941 ஓகஸ்டில் பிரான்ஸ் வானில் பேடர் விமானத்திலிருந்து குதிக்கும்போது ஒரு பொய்க்கால் உள்ளே மாட்டிக்கொள்கிறது. ஜேர்மானியரிடம் பிடிபடுகிறார். எதிரியே அனுமதி கொடுக்க, பிரித்தானிய விமானப்படை புதுக் கால் ஒன்றைப் பரசூட்டில் கட்டி இறக்குகிறது. கேட்க நல்ல வீரக்கதை. ஆனால் வடிவாகப் பார்த்தால், ஒரு மனிதன் எழும்பி நிற்க இரண்டு அரசுகள் ஏற்பாடு செய்ய வேண்டியிருந்தது என்பதுதான் அந்தக் கதை. மனவுறுதி மட்டும் போதுமாக இருந்திருந்தால் அந்தப் பரசூட் எதற்கு?

அந்த யுத்தம் கண்டிக்குப் புதிதல்ல. 1944இல் மவுண்ட்பேட்டனின் தென்கிழக்காசியக் கட்டளைத் தலைமையகம் பேராதனைப் பூங்காவில்தான் இருந்தது. அதற்குப் பிறகு எங்களுக்கென்றே ஒரு யுத்தம் வந்து 2009இல் முடிந்தது. கால் போனவர்கள் எல்லாப் பக்கமும் இருக்கிறார்கள். யாழ்ப்பாணத்தில் ஜெய்ப்பூர் நிறுவனம் 1987இலிருந்து செயற்கைக் கால்கள் செய்துகொடுக்கிறது. யுத்தத்தில் கையில் காயப்பட்ட இராணுவ வீரர் தினேஷ் பிரியந்த ஹேரத், டோக்கியோ பராலிம்பிக்கில் ஈட்டி எறிந்து இலங்கைக்கு முதல் தங்கத்தைக் கொண்டுவந்தார். நாடே கைதட்டியது. தட்ட வேண்டியதுதான். ஆனால் பதக்கம் வெல்லாதவருக்கு? சீருடை போடாதவருக்கு? ஷெல் விழுந்து கால் போன அம்மாவைப் பற்றி யார் படம் எடுப்பார்கள்?

எங்கள் விதிப்புத்தகத்தில் ஒன்றும் இல்லை என்று சொல்லவும் ஏலாது. அரச வேலை வெற்றிடங்களில் 3 வீதம் ஒதுக்க வேண்டும் என்ற சுற்றறிக்கை 1988இலேயே வந்துவிட்டது. 1996இல் 28ஆம் இலக்கச் சட்டம். 2006இல் கட்டடங்களுக்கான ஒழுங்குவிதிகள். சக்கர நாற்காலியில் இருந்தபடியே கலாநிதி அஜித் பெரேரா உயர் நீதிமன்றம் வரை போய், புதிய பொதுக் கட்டடங்கள் எல்லோரும் பாவிக்கக்கூடியதாக இருக்க வேண்டும் என்ற உத்தரவை 2011இல் பெற்றார். பேடருக்கு விதி இல்லை. எங்களுக்கு விதி இருக்கிறது, சரிவுப்பாதை இல்லை. நம்பாதவர்கள் கண்டி டவுனுக்குள் ஒரு சக்கர நாற்காலியைத் தள்ளிப் பாருங்கள். நடைபாதை எங்கே முடிகிறது, பஸ்சின் முதற்படி எவ்வளவு உயரம், எத்தனை அலுவலகங்கள் லிஃப்ட் இல்லாத மாடியில் இருக்கின்றன என்று அப்போது விளங்கும்.

"அப்போ முயற்சிக்கு மதிப்பே இல்லையா?" என்று கேட்பீர்கள். இருக்கிறது. பேடரின் பிடிவாதம் இல்லாமல் அந்தக் கதை நடந்தே இருக்காது. ஆனால் அந்தப் பிடிவாதத்தை மட்டும் வெட்டி எடுத்துப் போஸ்டர் அடித்தால், அது அடுத்தவரின் தலையில் பாரமாக இறங்குகிறது: அவரால் முடிந்ததே, உனக்கு ஏன் ஏலாது? படி கட்டியவனிடம் கேட்க வேண்டிய கேள்வியை, படி ஏற முடியாதவரிடம் கேட்கிறோம்.

படத்தைப் பாருங்கள். யுத்தத்தை ஏதோ கிரிக்கெட் மெட்ச் மாதிரிக் காட்டுகிற குறை இருந்தாலும், பார்க்க வேண்டிய படம்தான். பார்க்கும்போது, பேடர் பறக்கிற காட்சிகளுக்குக் கைதட்டுவதோடு நிற்காமல், அவரைப் பறக்கவிடாத அந்த ஆறு வருசத்தையும் கணக்கில் எடுங்கள். யுத்தம் வந்தால்தான் கதவு திறக்கும் என்றால், அது கதவைப் பூட்டி வைத்திருந்தவர்களின் வெட்கம். யுத்தம் இல்லாத நாட்களிலேயே அதைத் திறந்து வைக்கச் சொல்லித்தான் நாங்கள் கேட்கிறோம்.