முதலில் பாடம், பிறகு கல்லூரி, கடைசியில்தான் கட்டடம்

பிளஸ் டூ ரிசல்ட் வந்துவிட்டால் ஸ்ரீரங்கத்தில் நாலு பேர் கூடும் இடத்திலெல்லாம் ஒரே பேச்சுதான். "பேரன் எவ்வளவு மார்க்? எங்கே சேர்க்கப் போறேள்?" கேட்டவர் பதிலுக்குக் காத்திருக்க மாட்டார். அவரே ஒரு கல்லூரியின் பெயரைச் சொல்லி, "அங்கே போடுங்கோ, என் மச்சினர் பையன் அங்கேதான் படிச்சான்" என்பார். மச்சினர் பையன் படித்து இருபது வருஷம் ஆகியிருக்கும். அன்றைக்கு அங்கே பாடம் எடுத்தவர்கள் எல்லாம் இப்போது நம்மைப் போல பென்ஷன் வாங்கிக்கொண்டிருப்பார்கள்!

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரும்பாலான குடும்பங்களில் இந்தக் காரியம் தலைகீழாக நடக்கிறது. முதலில் பளபளக்கும் கட்டடம், பிறகு கல்லூரியின் பெயர், கடைசியில் அங்கே எந்தப் பாடத்தில் இடம் கிடைக்கிறதோ அது. வரிசை இதற்கு நேர் எதிராக இருக்க வேண்டும். பிள்ளைக்கு எந்தப் பாடம் பிடிக்கும், அதை நன்றாகச் சொல்லிக் கொடுப்பவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று பார்த்த பிறகுதான் கட்டடத்தைப் பார்க்க வேண்டும்.

திருச்சிக்காரர்களுக்கு இதில் ஒரு கொடுப்பினை உண்டு. 1844-இல் நாகப்பட்டினத்தில் தொடங்கி 1883-இல் இங்கே வந்த செயின்ட் ஜோசப் கல்லூரி இருக்கிறது. 1919-இல் நேஷனல் கல்லூரி, 1923-இல் ஹோலி கிராஸ், 1951-இல் ஜமால் முகமதுவும் சீதாலட்சுமி ராமசாமியும், 1965-இல் பெரியார் ஈ.வெ.ரா. கல்லூரி, புத்தூரில் பிஷப் ஹீபர் என்று வரிசையாகச் சொல்லலாம். 1964-இல் வந்த ரீஜனல் இன்ஜினியரிங் காலேஜ்தான் 2003-இல் என்.ஐ.டி. ஆனது. சத்திரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கினால் செயின்ட் ஜோசப்புக்கும் ஹோலி கிராஸுக்கும் நடந்தே போய்விடலாம். வெளியூர்ப் பிள்ளைகள் இந்தக் கல்லூரிகளைத் தேடி வந்து ரூம் எடுத்துத் தங்குகிறார்கள். நம் வீட்டுப் பிள்ளைகளை நாம் பெட்டி கட்டி எங்கேயோ அனுப்புகிறோம்.

அப்துல் கலாம் 1954-இல் செயின்ட் ஜோசப்பில் இயற்பியல் பட்டம் பெற்றவர். தனக்கு ஏற்றது இன்ஜினியரிங் என்று பி.எஸ்சி. முடிக்கும் நேரத்தில்தான் அவருக்குப் புரிந்தது. குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் இடம் கிடைத்தும் பணம் கட்ட வழியில்லை. அக்கா ஜோஹரா தன் வளையலையும் சங்கிலியையும் அடகு வைத்துக் கொடுத்தார். நம் ஸ்ரீரங்கத்து சுஜாதாவும் அதே கல்லூரியில் இயற்பியல் படித்து, அதே எம்.ஐ.டி.க்குப் போனவர்தான். பி.எஸ்சி. என்றதும் முகத்தைச் சுளிக்கும் தாத்தாக்கள் இதைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும். கணிதம் படித்த பி.எஸ்சி. பட்டதாரி நேரடியாக பி.இ. இரண்டாம் ஆண்டில் சேர இன்றும் வழி இருக்கிறது. பதினேழு வயதில் எடுக்கும் முடிவோடு எல்லாம் முடிந்துவிடுவதில்லை.

"வெளியூர் போனால்தானே சார் பையனுக்கு உலகம் தெரியும்?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். மிக நல்ல கல்லூரியில், பிடித்த பாடத்தில் இடம் கிடைத்தால் எவ்வளவு தூரமானாலும் அனுப்புங்கள். சுமாரான கல்லூரிக்கு ஹாஸ்டல் கட்டணமும் கட்டி அனுப்புவதில் எனக்குச் சம்மதமில்லை.

இன்ஜினியரிங் கவுன்சலிங் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என்று 200-க்குக் கட்-ஆஃப் போடுகிறார்கள். விருப்பப் பட்டியலில் மேலே இருந்து கீழே பார்த்துக்கொண்டு வந்து, எது காலியாக இருக்கிறதோ அதைத் தருவார்கள். அதனால் "இது கிடைக்காது" என்று நாமே தீர்மானித்து நல்ல இடத்தைக் கீழே தள்ளக் கூடாது. நிஜமான ஆசை எதுவோ அது முதலில் இருக்கட்டும். பட்டியலை நீளமாகவும் போடுங்கள். போன வருஷம் அந்த இடம் எந்தக் கட்-ஆஃபில் முடிந்தது என்று பார்த்துக்கொள்ளுங்கள். அண்ணா பல்கலைக்கழகத்தின் கீழ் உள்ள கல்லூரிகளில் எத்தனை சதவீதம் பேர் பாஸ் ஆகிறார்கள் என்ற பட்டியலும் வெளியாகிறது. விளம்பரப் பலகையில் உள்ள சிரித்த முகங்களைவிட அந்த ஒரு எண் அதிகம் சொல்லும்.

அதையும்விட நல்ல வழி, ஒரு நாள் நேரில் போவது. அலுவலகத்தில் கேட்காதீர்கள், அங்கே எல்லாம் நன்றாகத்தான் இருக்கும். வாசலில் டீ குடிக்கும் கடைசி வருஷப் பிள்ளைகளிடம் கேளுங்கள். எல்லாப் பாடத்துக்கும் வாத்தியார் இருக்கிறாரா? லேபில் மெஷினைத் தொட விடுகிறார்களா? போன வருஷம் உன் கிளாஸில் எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது, என்ன சம்பளம்? அரை மணியில் உண்மை தெரிந்துவிடும். பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போங்கள். படிக்கப் போவது நாமல்லவே.

அடுத்தது பணம். வங்கியில் காலம் தள்ளியவன் என்பதால் இதைச் சொல்லாமல் விட முடியாது. வருஷத்துக்கு ஒரு லட்சம் வீதம் நாலு வருஷம் கல்விக் கடன் வாங்குகிறீர்கள், வட்டி 10 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். படிப்புக் காலமும் அதற்கு மேல் ஒரு வருஷமும் தவணை கட்ட வேண்டாம். ஆனால் வட்டி நிற்காது. தனிவட்டியாகக் கணக்குப் போட்டாலும் முதல் தவணை கட்டும் நாளில் நாலு லட்சம் ஐந்து லட்சத்து நாற்பதாயிரம் ஆகியிருக்கும். பத்து வருஷத்தில் அடைக்க மாதம் ஏழாயிரத்துக்கு மேல் கட்ட வேண்டும். ஆரம்பச் சம்பளம் பதினைந்தாயிரம் வாங்கும் பையன் எப்படிக் கட்டுவான்? கடனே வேண்டாம் என்று சொல்லவில்லை. கையெழுத்துப் போடும் முன்பு இந்தக் கணக்கை ஒரு தாளில் போட்டுப் பாருங்கள். குடும்ப வருமானம் குறைவாக இருந்தால் வட்டி மானியம் உண்டு, வங்கியில் விசாரியுங்கள்.

இன்னொன்று. அசல் மார்க் ஷீட்டையும் டி.சி.யையும் சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தர வேண்டும், கல்லூரி தன்னிடம் வைத்துக்கொள்ளக் கூடாது என்று யு.ஜி.சி. 2018-லேயே அறிவித்துவிட்டது. கட்டிய பணத்தை எத்தனை நாளுக்குள் விலகினால் எவ்வளவு திருப்பித் தர வேண்டும் என்பதற்கும் விதி இருக்கிறது. "ஒரிஜினல் எங்களிடமே இருக்கட்டும்" என்று யாராவது சொன்னால் பயப்படாமல் கேளுங்கள்.

சேர்ந்த பிறகு முதல் செமஸ்டர்தான் முக்கியம். தமிழ் மீடியத்தில் நன்றாகப் படித்த பிள்ளை ஆங்கில வகுப்பில் முதல் மாதம் திணறும். அது புத்திக் குறைவு இல்லை, வார்த்தைப் பழக்கம்தான். பாடத்தில் வரும் வார்த்தைகளை ஒரு நோட்டில் தினம் பத்து எழுதிவரச் சொல்லுங்கள், தீபாவளிக்குள் தேறிவிடும். முதல் அரியரை அடுத்த தேர்விலேயே முடிக்க வேண்டும், சேரவிட்டால் மலையாகிவிடும். ராகிங் என்றால் வாயை மூடிக்கொண்டு பொறுத்துக்கொள்ளக் கூடாது. தமிழ்நாட்டில் 1997-இலிருந்தே அதற்குத் தனிச் சட்டம் இருக்கிறது. 1800-180-5522 என்ற இலவச எண்ணைப் பிள்ளையின் போனில் பதிந்து வையுங்கள். வாரக் கடைசியில் வீட்டுக்கு வரும்போது "எத்தனை மார்க்?" என்று கேட்காமல் "யாரோடு சாப்பிடுகிறாய்?" என்று கேட்டுப் பாருங்கள். தனியாகச் சாப்பிடுகிற பிள்ளையைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும்.

நம் வயதுக்காரர்களுக்குக் கடைசியாக ஒரு விண்ணப்பம். நம் பேரன் பேத்திக்கு வழி சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நம் வீட்டில் பாத்திரம் தேய்க்கும் அம்மாவின் பெண்ணுக்கு யார் இருக்கிறார்கள்? குடும்பத்திலேயே முதல் பட்டதாரியாகப் போகிறவளுக்கு இன்ஜினியரிங் கவுன்சலிங்கில் கல்விக் கட்டணச் சலுகை உண்டு, அதற்கு முதல் தலைமுறைப் பட்டதாரி சான்றிதழ் வாங்க வேண்டும். அரசுப் பள்ளியில் ஆறிலிருந்து பன்னிரண்டு வரை படித்த பெண்ணுக்குப் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய் கிடைக்கும், பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன் இருக்கிறது. அரசு கலைக் கல்லூரிகளுக்கு ஆன்லைனில்தான் விண்ணப்பம். கடைசித் தேதி தெரியாமலே எத்தனையோ பிள்ளைகள் ஒரு வருஷத்தை இழக்கிறார்கள்.

நம்மிடம் நேரம் இருக்கிறது, படிக்கத் தெரியும், படிவம் நிரப்பத் தெரியும். மே மாதத்தில் ஒரு நாள் அந்தப் பெண்ணையும் அவள் அம்மாவையும் இ-சேவை மையத்துக்கு அழைத்துப் போங்கள். அவள் மூன்று வருஷம் கழித்துப் பட்டம் வாங்கி வந்து நிற்கும்போது நமக்கு வரும் சந்தோஷத்துக்கு விலையே கிடையாது.