யாருடைய காசு, யாருக்கு ஓசி?

மாங்காட்டில் எங்கள் பகுதிக் குடியிருப்போர் கூட்டம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்தது. மழைநீர்க் கால்வாயைப் பற்றிப் பேசத்தான் கூடினோம். அரை மணி நேரத்தில் பேச்சு அரசியலுக்குத் தாவிவிட்டது. அரசுப் பணியிலிருந்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் எழுந்தார். பொம்பளைங்களுக்கு ஆயிரம் ரூபாய், ஓசி பஸ், பிள்ளைகளுக்கு ஓசிச் சாப்பாடு, பொங்கல் வந்தால் தப்பாட்டம் கரகாட்டம் என்று திருவிழா, எல்லாம் நம் வரிப்பணம் என்றார். இந்தப் பணத்தால் மக்கள் சோம்பேறி ஆகிவிட்டார்கள், வீட்டு வேலைக்கு ஆள் கிடைப்பதில்லை, ஆயிரம் ரூபாய்க்கு ஓட்டை விற்றுவிட்டார்கள் என்று அடுக்கினார். பாட்டும் கூத்தும் சொந்தக் காலில் நிற்க வேண்டும், நிற்க முடியாத கலை அழிந்தால் அழியட்டும் என்று முடித்தார். பலர் தலையாட்டினார்கள். சிலர் கை தட்டினார்கள்.

வயதில் மூத்தவர் என்பதால் அன்று பேசாமல் இருந்துவிட்டேன். அது தவறு. அவர் சொன்னது அவர் ஒருவருடைய கருத்து மட்டுமல்ல. டீக்கடையிலும் திருமண மண்டபத்திலும் தினமும் காதில் விழுவது. 2022 ஜூலையில் நாட்டின் பிரதமரே இதை ‘ரேவடி’ கலாச்சாரம் என்று, மிட்டாய் கொடுத்து ஓட்டு வாங்கும் பழக்கம் என்று, மேடையில் கண்டித்தார். ஆகவே பெரியவரின் வாதங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பதில் சொல்கிறேன்.

முதலில் அந்தச் சொல். ஓசி. சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் பெண்கள் கட்டணமின்றிப் போகலாம் என்ற ஆணை 2021 மே மாதம் வந்தது. மறு ஆண்டே, 2022 செப்டம்பரில், அன்று அமைச்சராக இருந்த க. பொன்முடி பெண்கள் நிறைந்த கூட்டத்தில் இதே சொல்லைச் சொன்னார். திட்டத்தைக் கொண்டுவந்த கட்சியின் மூத்த தலைவர் வாயிலிருந்தே அது வந்தது. நாடே முகம் சுளித்தது. இந்த இளக்காரம் எந்தக் கட்சிக்கும் தனிச் சொத்தல்ல. கொடுப்பவன் கை மேலே, வாங்குபவள் கை கீழே என்று நினைக்கும் எல்லா மனத்திலும் அது குடியிருக்கிறது.

எங்கள் ஊர் அம்மன், ஐந்து தீக்கு நடுவே ஊசிமுனையில் ஒற்றைக் காலில் நின்று தவம் செய்தவள் என்பது தலபுராணம். அந்தக் காமாட்சியைப் பார்க்க வெள்ளிக்கிழமை விடியற்காலையில் எலுமிச்சம்பழத்தோடு வரிசையில் நிற்கிறோம். அந்தப் பழத்தையும் பூவையும் நமக்கு விற்கும் பெண், பூந்தமல்லியிலிருந்து நெரிசலில் இரண்டு காலையும் ஊன்ற இடமில்லாமல் பேருந்தில் நின்றுகொண்டு வந்தால் அவளுக்குப் பெயர் ஓசி. கல்லில் நிற்பவளைக் கும்பிட்டுவிட்டுப் பேருந்தில் நிற்பவளை ஏசுவதைப் பக்தி என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

பெரியவர் மாதாமாதம் ஓய்வூதியம் வாங்குகிறார். அகவிலைப்படி உயரும்போது அதுவும் உயர்கிறது. அதுவும் பொதுப்பணம்தான். அதை அவர் உரிமை என்கிறார். சரியாகவே சொல்கிறார். முப்பது ஆண்டுகள் உழைத்தார், வாங்குகிறார். முப்பது ஆண்டுகள் சமைத்து, துவைத்து, மாமியாருக்கு மருந்து கொடுத்து, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிய பெண்ணின் உழைப்புக்கு எந்தப் பணிப்பதிவேட்டிலும் இடமில்லை. அதனால்தான் 2023 செப்டம்பர் 15 அன்று எங்கள் மாவட்டத் தலைநகரான காஞ்சிபுரத்தில் தொடங்கிய திட்டத்துக்கு உதவித்தொகை என்று பெயர் வைக்காமல் உரிமைத்தொகை என்று வைத்தார்கள். அது எல்லாருக்கும் வாரி இறைத்த பணமும் அல்ல. 2023 விதிப்படி ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும். கார் இருந்தால் இல்லை. வருமான வரி கட்டினால் இல்லை. வீட்டு மின்சாரம் ஆண்டுக்கு 3,600 யூனிட்டைத் தாண்டினால் இல்லை. இந்தச் சல்லடையில் தேறி, தொடக்கத்தில் பணம் பெற்றவர்கள் ஒரு கோடியே ஆறு லட்சம் பெண்கள்.

அடுத்து, சோம்பேறித்தனம். மாதம் 1,000 ரூபாய் என்றால் நாளுக்கு 33 ரூபாய். இரண்டு டீ, ஒரு வடை. இந்தக் காசை நம்பி ஒரு குடும்பம் வேலைக்குப் போகாமல் படுத்துக்கிடக்கிறது என்று சொல்பவர் ஒரு வாரம் மளிகைக்கடைக்குப் போய் வர வேண்டும். காலை ஐந்து மணிக்குக் குன்றத்தூர் சாலையில் வந்து நிற்கட்டும். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் போகும் கம்பெனி வண்டிகளில் தூக்கக் கலக்கத்தோடு ஏறும் பெண்களைப் பார்க்கட்டும். இந்தியாவில் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பெண்களில் நூற்றுக்கு 43 பேர் தமிழ்நாட்டில் வேலை செய்கிறார்கள். இது 2019-20ஆம் ஆண்டுக்கான மத்திய அரசின் தொழிற்சாலைக் கணக்கெடுப்பு சொல்வது. சத்துணவும் ரேஷன் அரிசியும் சைக்கிளும் மிக நீண்ட காலமாகக் கொடுத்துவரும் மாநிலத்தில்தான் பெண்கள் மிக அதிகமாக ஆலைவேலைக்குப் போகிறார்கள். உயர்கல்வியும் அப்படியே. 2021-22 கணக்கில், உயர்கல்வி வயதில் இருப்பவர்களில் நாடு முழுவதும் நூற்றுக்கு 28 பேர் கல்லூரியில் சேர்ந்திருக்கிறார்கள். தமிழ்நாட்டில் 47 பேர். உதவி மக்களைச் சோம்பேறியாக்கும் என்றால் இந்தக் கணக்கு தலைகீழாக அல்லவா இருக்க வேண்டும்?

பேருந்துச் சலுகையால் ஒரு பெண்ணுக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாகிறது என்று மாநிலத் திட்டக்குழுவின் ஆய்வு சொன்னது. அந்தக் காசு தங்கமாக மாறி லாக்கருக்குப் போகவில்லை. பால், காய்கறி, டியூஷன் பீஸ், மாத்திரை என்று அதே தெருவில் செலவாகிறது. அதைவிடப் பெரிய லாபம், போரூரில் கூடுதல் கூலி என்றால் அங்கே போகலாம், பூந்தமல்லியில் நல்ல இடம் என்றால் அங்கே மாறலாம் என்பது. பஸ் காசுக்குப் பயந்து பக்கத்துத் தெருவிலேயே குறைந்த கூலிக்கு மாட்டிக்கொண்டிருந்தவளுக்கு ஊர் பெரிதாகிவிட்டது. வீட்டு வேலைக்கு ஆள் கிடைக்கவில்லை என்ற பெரியவரின் புலம்பலுக்குக் காரணம் இதுதான். அவள் வேலையை விடவில்லை ஐயா. உங்கள் வீட்டு அடிமாட்டுக் கூலியை விட்டாள்.

மூன்றாவது வாதம், நம் வரிப்பணம். இந்த ‘நம்’ என்ற சொல்லுக்குள் யார் யார் இருக்கிறார்கள்? வருமான வரி கட்டினால்தான் வரி என்று நினைப்பவர்களுக்குச் சொல்கிறேன். செல்போன் ரீசார்ஜ் செய்யும் சித்தாளும் ஜிஎஸ்டி கட்டுகிறாள். ஆட்டோவுக்கு எரிபொருள் போடுபவரும் வரி கட்டுகிறார். எல்லாவற்றுக்கும் மேல் டாஸ்மாக் இருக்கிறது. 2023-24இல் மதுவின் மூலம் அரசுக்கு வந்த வருவாய் 45,855 கோடி ரூபாய். ஒரு கோடியே ஆறு லட்சம் பெண்களுக்கு மாதம் ஆயிரம் என்றால் ஆண்டுக்கு 12,720 கோடி. புருஷனின் கூலியிலிருந்தும் மகனின் சம்பளத்திலிருந்தும் கடை வழியாகக் கஜானாவுக்குப் போன பணத்தில் சிறு பங்குதான் அந்த வீட்டு அடுப்படிக்குத் திரும்பி வருகிறது. கூலிக்காரன் வீட்டுப் பெண்ணின் கண்ணீரில் நனைந்த காசை அவளிடமே கொடுத்துவிட்டு, என் வரிப்பணம் என்று மார்தட்டுவது அநியாயம்.

2019 செப்டம்பரில் கம்பெனிகளுக்கான வரியை மத்திய அரசு 30 சதவீதத்திலிருந்து 22 சதவீதமாகக் குறைத்தது. ஆண்டுக்கு 1,45,000 கோடி ரூபாய் வருவாய் குறையும் என்று அரசே அறிவித்தது. அதற்கு ஊக்கம் என்று பெயர். அன்று எங்கள் தெருவில் யாரும் கூட்டம் போட்டு ஓசி என்று சொல்லவில்லை. பணக்காரனுக்குக் கொடுத்தால் அவன் சுறுசுறுப்பாவான், ஏழைக்குக் கொடுத்தால் அவள் சோம்பேறியாவாள் என்பது பொருளாதாரம் அல்ல. வெறும் வர்க்கத் திமிர்.

கஜானா காலியாகும் என்ற பயமும் புதிதல்ல. 1920இல் சென்னை மாநகராட்சியின் தலைவராக இருந்த பிட்டி தியாகராயர் ஆயிரம் விளக்குப் பள்ளியில் பிள்ளைகளுக்குச் சோறு போட்டார். 1956இல் காமராஜர் எட்டயபுரத்தில் மதிய உணவைத் தொடங்கினார். 1982 ஜூலை முதல் தேதி எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக விரித்தபோது, நிதி தாங்காது என்று படித்தவர்கள் பக்கம் பக்கமாக எழுதினார்கள். 1989இல் கருணாநிதி ஆட்சியில் தட்டில் முட்டை வந்தது. 2022இல் காலைச் சிற்றுண்டியும் வந்தது. கஜானா காலியாகவில்லை. அந்தச் சோற்றைத் தின்றவர்கள் டாக்டர்களானார்கள், ஆசிரியர்களானார்கள், அரசு அதிகாரிகளுமானார்கள்.

இனி பாட்டுக்கு வருகிறேன். பெரியவர் சங்கீதப் பிரியர். மார்கழியில் சபாவுக்குப் போகிறவர். அவருக்கு நம் பக்கத்து ஊரான கோவூரையே சாட்சிக்கு அழைக்கிறேன். கோவூர் சுந்தரேசுவரர் மீது தியாகராஜர் பாடியவைதான் கோவூர் பஞ்சரத்தினம். சுந்தரேச முதலியார் என்ற செல்வந்தர் அவரை அழைத்துவந்து உபசரித்ததால் அந்தப் பாடல்கள் பிறந்தன என்பது வரலாறு. அந்த மகான் எப்படி வாழ்ந்தார்? திருவையாற்றுத் தெருக்களில் பாடிக்கொண்டு போய், வீடுவீடாகப் போட்ட அரிசியை வாங்கி உண்டார். உஞ்சவிருத்தி என்று அதற்குப் பெயர். அவர் சீட்டு விற்று வாழவில்லை. ஊர் சோறு போட்டது, அவர் பாடினார். சொந்தக் காலில் நிற்காத கலை அழியட்டும் என்றால் முதலில் அழிய வேண்டியது எது என்று யோசித்துப் பாருங்கள்.

அவர் மன்னனின் பரிசையே மறுத்தவராயிற்றே என்பீர்கள். ஆமாம். மன்னனின் பொன்னை மறுத்தவர் தெருவின் அரிசியை மறுக்கவில்லை. மன்னன் கொடுத்தால் மன்னனைப் பாட வேண்டியிருக்கும். ஊர் கொடுத்தால் மனசில் இருப்பதைப் பாடலாம். குடியாட்சியில் வரிப்பணம் என்பது மன்னன் பொன் அல்ல, ஊர் போடும் அரிசி.

அதற்குப் பிறகு கர்நாடக இசை அரசுப் பணத்திலும் வளர்ந்தது. 1938இல் தொடங்கிய சென்னை அகில இந்திய வானொலி வித்வான்களுக்கு மாதச் சம்பளம் கொடுத்தது. 1949இல் சென்னையில் அரசு இசைக் கல்லூரி வந்தது. முசிறி சுப்பிரமணிய ஐயர் அதன் முதல் முதல்வர். இவற்றை யாரும் வீண்செலவு என்று சொல்லவில்லை. சொல்லவும் கூடாது. அதே பணத்தில் கொஞ்சம் பறைக்கும் கரகத்துக்கும் போனவுடன் மட்டும் ‘வரிப்பணம்’ நினைவுக்கு வருவது ஏன்? பெரியவருக்கு எதிலே வெறுப்பு, செலவிலா, அடிக்கும் கையிலா? இந்தக் கேள்விக்கு அவர் தன் மனசாட்சியிடம் பதில் சொல்லட்டும்.

சென்னை சங்கமம் 2007இல் தொடங்கி, இடையில் நின்று, 2023 ஜனவரியில் ‘நம்ம ஊரு திருவிழா’ என்று மீண்டும் வந்தது. அம்பத்தூர்த் திடல் வரைக்கும் கலைஞர்கள் வந்தார்கள். நையாண்டி மேளம் அடிப்பவர்களுக்கும் கூத்துக் கட்டுபவர்களுக்கும் மாசியிலிருந்து ஆடி வரைக்கும்தான் கோயில் கொடையும் திருவிழாவும். மழை தொடங்கினால் மேளம் உறைக்குள் போய்விடும், அடுத்த திருவிழா வரைக்கும் கடன். அந்த நேரத்தில் சில நாள் மேடை, பேசிய சம்பளம், பெயர் சொல்லி அறிவிப்பு. ஒரு கலைஞன் அடுத்த ஆண்டும் வாத்தியத்தைக் கையில் எடுக்க இது போதும். பறைக் கலைஞர் வேலு ஆசானுக்கும் கூத்துக் கலைஞர் புரிசை கண்ணப்ப சம்பந்தனுக்கும் 2025இல் பத்மஸ்ரீ கிடைத்தது. தெருவில் வளர்ந்த கலைக்கு நாடே எழுந்து நின்றது.

சந்தையிடம் விட்டால் கலை செழிக்கும் என்பவர்கள் 2023 செப்டம்பர் 10 அன்று பனையூரில் நடந்ததை மறந்துவிட்டார்கள். ஏ.ஆர். ரஹ்மான் இசை நிகழ்ச்சிக்குக் காசு கொடுத்துச் சீட்டு வாங்கியவர்கள் நெரிசலில் சிக்கி, உள்ளே போக முடியாமல் அழுதுகொண்டு திரும்பினார்கள். சந்தைக்கும் கலைக்கும் பகை இல்லை. ஆனால் சீட்டு வாங்க முடியாதவன் பிள்ளைக்கும் காது இருக்கிறது. திடலில் கட்டணமில்லாமல் உட்கார்ந்து கேட்கும் அந்தப் பிள்ளைக்காகத்தான் பொது விழா.

கடைசியாக, ஆயிரத்துக்கு ஓட்டை விற்றார்கள் என்ற பழி. எது தன் வீட்டுக்கு உதவுகிறது என்று பார்த்து ஓட்டுப் போடுவதுதான் ஓட்டு. வரிச்சலுகைக்காக ஒரு கட்சியை ஆதரிக்கும் வியாபாரியை விவரமானவர் என்கிறோம். ஊதிய உயர்வுக்காக ஓட்டுப் போடும் ஊழியரை விழிப்புணர்வு உள்ளவர் என்கிறோம். உரிமைத்தொகையைப் பார்த்து ஓட்டுப் போட்டவள் மட்டும் விலைபோனவளா? தேர்தல் அறிக்கையில் இலவசம் அறிவிப்பது ஊழல் நடவடிக்கை ஆகாது என்று தமிழ்நாட்டு வழக்கில்தான் உச்ச நீதிமன்றம் 2013 ஜூலையில் சொன்னது. அதே பெண்கள் பணமும் சேலையும் கொடுத்தவர்களைத் தோற்கடித்த தேர்தல்களையும் இந்த மாநிலம் பார்த்திருக்கிறது.

கேள்வி கேட்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. கேட்க வேண்டியவை நிறைய இருக்கின்றன. பஸ் கட்டணமில்லை சரி, பஸ் எங்கே? முக்கால் மணி நேரம் நிறுத்தத்தில் நிற்பவளுக்கு வராத பஸ் இலவசமாக இருந்து என்ன பயன்? ஆயிரம் கிடைக்கிறது சரி, ஒவ்வொரு கார்த்திகையிலும் வீட்டுக்குள் வரும் தண்ணீருக்கு என்ன வழி? தகுதி இருந்தும் விண்ணப்பம் தள்ளுபடியான பெண்ணுக்கு யார் பதில் சொல்வது? கலைவிழாவில் கலைஞனைவிடப் பெரிதாகத் தலைவர் படம் எதற்கு? ஊர் போடும் அரிசியை மன்னனின் பொன்னாகக் காட்டும் வேலை அல்லவா அது? இவற்றைக் கேளுங்கள், உங்களோடு நானும் நிற்கிறேன். கால்வாயைப் பற்றிப் பேசக் கூடிய கூட்டத்தைப் பெண்களை ஏசும் கூட்டமாக மாற்றியதால்தான் அந்தக் கால்வாய் இன்னும் அப்படியே கிடக்கிறது.

அந்தக் கூட்டம் முடிந்ததும் நாற்காலிகளை மடக்கி, டீ டம்ளர்களைக் கழுவி, தரையைப் பெருக்கியவர் அந்தப் பகுதியில் வீட்டு வேலை செய்யும் ஓர் அம்மா. பேச்சு முழுவதையும் அவர் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டுதான் இருந்தார். ஒரு வார்த்தை சொல்லவில்லை. அடுத்த கூட்டத்தில் அவருக்கும் ஒரு நாற்காலி போடுங்கள். அவர் உட்கார்ந்திருக்கும்போது ஓசி என்று சொல்ல உங்களுக்கு நா எழாது என்றால், அவர் இல்லாத இடத்திலும் சொல்லாதீர்கள்.