குற்றக்கூண்டில் ஒரு குளவி

வண்ணத்துப்பூச்சியைப் பாடுவோர் பலர். அதன் கூட்டுப்புழுவை உற்றுநோக்குவோர் சிலர். அக்கூட்டுப்புழுவுக்குள் முட்டையிடும் குளவியைப் பற்றி எழுதுவோரோ, அதனை ஏசுவதற்கென்றே பேனாவை எடுக்கிறார்கள். கொடியது, வஞ்சகமானது, அழகின் பகை என்பன அதற்குச் சூட்டப்படும் பட்டங்கள். கண்ணுக்கு இனியதாய் இருப்பதால் ஒன்றை நல்லதென்றும், அதனைத் தின்று வாழ்வதால் மற்றொன்றைத் தீயதென்றும் தீர்ப்பெழுதும் இப்போக்கை இரக்கம் என்கிறார்கள். நான் அதனைச் சோம்பல் என்பேன்.

குளவியின் செயல் கொடூரமாய்த் தோன்றுகிறது என்பதை மறைக்க வேண்டியதில்லை. டெரோமாலஸ் புப்பாரம் என்னும் குளவி சில மில்லிமீட்டர் நீளமே உடையது. புழு இரையெடுப்பதை நிறுத்தி உருமாறும் வேளைக்காக அது அருகிலேயே காத்துக் கிடக்கும். பழைய தோல் கழன்று, புதிய உறை இன்னும் இறுகாதிருக்கும் அந்தக் குறுகிய பொழுதில், ஊசி போன்ற உறுப்பைச் செலுத்தி முட்டைகளை உள்ளே வைத்துவிடும். உடன் செலுத்தப்படும் நஞ்சு, கூட்டுப்புழுவின் எதிர்ப்பாற்றலை ஒடுக்குகிறது. பின்பு, நாம் சிறகை எதிர்பார்த்திருக்கும் கூட்டிலிருந்து சிறு துளை வழியே குளவிகள் பல பத்தாக வெளிவருகின்றன.

சார்லஸ் டார்வின் இத்தகைய குளவிகளைக் கண்டு கலங்கினார். உயிருள்ள புழுவின் உடலுக்குள் இரைதேடும் இனத்தை அன்புள்ள கடவுள் திட்டமிட்டுப் படைத்திருப்பார் என்று தம்மால் நம்ப இயலவில்லை என, 1860 மே 22 அன்று அமெரிக்கத் தாவரவியலார் ஆசா கிரேக்கு எழுதினார். நேர்மையான கலக்கம் அது. அதற்கு ஒரே வரியில் விடை சொல்லிவிடும் விசுவாசிகளைக் கண்டால் எனக்கு அச்சமே உண்டாகிறது. எனினும் டார்வின் வினவியது படைத்தவரை. குளவியைத் தண்டிக்குமாறு அவர் கோரவில்லை.

தண்டிக்கத் துடிப்போர் நியூசிலாந்தின் கதையை அறிந்துகொள்வது நல்லது. 1930-இல் அந்நாட்டின் நேப்பியர் நகரில் ஐரோப்பிய முட்டைக்கோசு வெள்ளைப்பூச்சி முதன்முறையாகக் காணப்பட்டது. அதன் புழுக்கள் காய்கறித் தோட்டங்களை அழிக்கலாயின. அதனை அடக்கவே 1933-ஐ ஒட்டி நாம் மேலே கண்ட குளவி அங்கே கொண்டுவந்து விடப்பட்டது. விட்டவர்களையும் நான் புகழப்போவதில்லை. அம்மண்ணுக்கே உரிய வண்ணத்துப்பூச்சிகளை இது தாக்குமா என்பதை இக்காலத்தில் சோதிப்பதுபோல் அன்று யாரும் சோதிக்கவில்லை. அது தாக்கத்தான் செய்தது. மாவோரி மக்கள் 'ககுகுரா', அதாவது செம்போர்வை, என அழைக்கும் வண்ணத்துப்பூச்சியின் கூட்டுப்புழுக்களும் அதற்கு இரையாயின. செம்போர்வை அருகி வருகிறதோ என்ற கவலை எழுந்தபோது, பழி இயல்பாகவே இக்குளவியின்மேல் விழுந்தது. வெளியிலிருந்து வந்தது, அழகற்றது, கூட்டுக்குள் புகுந்து கொல்வது; வேறென்ன சான்று வேண்டும்?

சிலர் எண்ணிப் பார்த்தார்கள். பாங்க்ஸ் தீபகற்பத்தில் முட்டை முதல் கூட்டுப்புழு வரை ஒவ்வொரு பருவத்திலும் எத்தனை மடிகின்றன, எதனால் மடிகின்றன என்று கணக்கிட்டார்கள். அந்தக் கணக்கின்படி, டெரோமாலஸ் குளவியால் செம்போர்வையின் தொகை நிலையாகக் குறைவது ஏறத்தாழ 5 விழுக்காடு மட்டுமே. எவரும் கொண்டுவராமல் ஆஸ்திரேலியாவிலிருந்து தானே வந்தேறிய எக்த்ரோமோர்பா என்னும் மற்றொரு பெரிய குளவியால் குறைவதோ ஏறத்தாழ 30 விழுக்காடு. 5 விழுக்காடும் இழப்பே. ஆயினும் முழுப்பழியையும் அதன் தலையில் சுமத்தியது அநீதி அன்றோ?

இந்த அநீதிக்கு விலையும் உண்டு. குளவி என்றாலே நஞ்சைத் தெளிக்கும் கை, புழுவை உண்ணும் உயிரையும் சேர்த்தே கொல்கிறது. மருந்தின் வீரியம் தணிந்ததும் புழுக்கள் திரும்பிவருகின்றன, அவற்றைத் தடுக்க எவரும் இல்லாத வயலுக்கு. உழவர் மீண்டும் கடைக்குப் போகிறார்.

செம்போர்வையின் புழு காஞ்சொறி இனத்துச் செடிகளையே தின்று வளர்கிறது. தொட்டால் கடுக்கும் அச்செடியைத் தம் வேலியோரத்தில் எவரும் விரும்பி வைத்திருப்பதில்லை. அதைக் களையென்று வெட்டிச் சாய்த்தவர் மாலையில் வந்தமர்ந்து, வண்ணத்துப்பூச்சிகளைக் குளவி அழித்துவிட்டதே என்று அங்கலாய்க்கிறார்.